தினமும் நடப்பவருக்கும் புற்றுநோய் வருமா?

"நடந்தால் கென்சர் வராதாம்." திருகோணமலைக் கடற்கரையில் விடியக்காலை நடக்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற கதை இது. செத்தவீட்டில் கேட்கிற கதை வேறு: "ஒருநாள் விடாமல் கோணேசர் கோயில் மட்டும் ஏறி இறங்கின மனுசன். அவருக்கே வந்திட்டுதே, இனி என்னத்துக்கு நடக்கிறது?" இரண்டையும் மனதாரத்தான் சொல்கிறார்கள். இரண்டும் பிழை, அதுவும் ஒரே இடத்தில் பிழை. நடையைக் கதவுக்குப் போடுகிற பூட்டு என்று நினைத்துக்கொண்டு, ஒருவர் பூட்டிவிட்டேன் என்கிறார், மற்றவர் பூட்டு உடைந்துவிட்டது என்கிறார். நடை பூட்டே அல்ல. உடம்புக்குள் அது செய்கிற வேலை வேறு மாதிரியானது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சொல்லைச் சரிப்படுத்த வேண்டும்.

ஆபத்து என்றால் என்ன?

கந்தளாய் தாண்டி ஹபறணைப் பக்கம் போகிற வீதியில் யானை நிற்கும். இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் யானையிடம் மாட்டுகிற வாய்ப்பு, பகல் பத்து மணிக்கு பஸ்ஸில் போகிறவரை விடக் கூட. என்றாலும் இரவில் போய்ச் சுகமாக வீடு சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். பகலில் போய் யானை மறித்தவர்களும் உண்டு. அப்படி ஒருவரை மறித்தது என்பதற்காக "இரவும் பகலும் ஒன்றுதான்" என்று யாரும் சொல்வதில்லை. மகன் இரவில் புறப்பட்டால் அம்மா மறிக்கத்தான் செய்வார்.

புற்றுநோயில் ஆபத்து என்பதும் இப்படி ஒரு கணக்குத்தான். ஒரே மாதிரியான ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை பேருக்கு அந்த நோய் வரும் என்பதே ஆபத்து. அந்த ஆயிரத்தில் ஒருவரான பக்கத்து வீட்டு மாமாவுக்கு வருமா வராதா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. நடக்கிறவர்களின் கூட்டத்தில் எண்ணிக்கை குறையும். குறையுமே தவிர, பூச்சியத்துக்கு வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்திரிகையில் "உடற்பயிற்சியால் ஆபத்து 15 சதவீதம் குறைகிறது" என்று போட்டால், நூறு பேரில் பதினைந்து பேர் தப்புகிறார்கள் என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. கணக்குக்காக ஒரு நோயை எடுப்போம். சும்மா இருக்கிற 1000 பேரில் 40 பேருக்கு அது வரும் என்று வையுங்கள். 15 சதவீதக் குறைவு என்றால் அந்த 40 இல் 15 சதவீதம், அதாவது 6 பேர். நடக்கிற 1000 பேரில் 34 பேருக்கு வரும். 6 பேர் தப்பினார்கள், 34 பேர் நடந்தும் தப்பவில்லை, 960 பேருக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் வந்திருக்காது. செத்தவீட்டுக் கதையில் வருகிற மனிதர் அந்த 34 பேரில் ஒருவர். தப்பிய 6 பேரும் தாங்கள் தப்பியதை ஒருநாளும் அறியமாட்டார்கள். அதனால்தான் அவர்களைப் பற்றி ஊரில் கதை இல்லை.

எந்தப் புற்றுநோய், எவ்வளவு?

புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். உடற்பயிற்சி அந்தக் குடும்பத்தில் எல்லாரோடும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அமெரிக்க அரசு அமைத்த நிபுணர் குழு 2018 இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஏழு வகைகளில் சான்று வலுவானது என்றது: பெருங்குடல், மார்பகம், கருப்பையின் உட்சுவர், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, இரைப்பை, அதோடு உணவுக்குழாயில் வருகிற ஒரு வகை. அந்த ஒரு வகை, நம் பக்கம் புகையிலையோடும் வெற்றிலையோடும் சேர்ந்து வருகிற வகை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

2016 இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் நன்றாக அசைந்தவர்களை மிகக் குறைவாக அசைந்தவர்களோடு ஒப்பிட்டபோது, பார்த்த 26 வகைகளில் 13 வகை குறைவாக இருந்தது. பெருங்குடலில் 16 சதவீதம், மார்பகத்தில் 10, கருப்பை உட்சுவரில் 21, சிறுநீரகத்தில் 23. எல்லா வகையையும் கூட்டிப் பார்த்தால் குறைவு 7 சதவீதம்தான். 7 என்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆனால் காசு கொடுக்காமல் கிடைக்கிற, சீனி வருத்தத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்தே உதவுகிற ஒரு விடயத்தில் 7 சின்ன எண் அல்ல.

அதே தொகுப்பில் இரண்டு விசித்திரங்கள் இருந்தன. நன்றாக அசைந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 26 சதவீதம் குறைவு என்று வந்தது. ஒருநாளும் புகைக்காதவர்களை மட்டும் தனியாகப் பிரித்தபோது அந்தக் குறைவு காணாமல் போனது. அதாவது, அங்கே வேலை செய்தது நடையை விடப் புகைக்காமைதான் போலும். மெலனோமா என்கிற தோல் புற்றுநோயோ அசைந்தவர்களிடம் 27 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓட்டம் தோலைக் கெடுக்கவில்லை. வெளியில் ஓடுகிற வெள்ளைத் தோல்காரருக்கு வெயில் கூடப் படுகிறது, அவ்வளவுதான்.

இப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு வருகிற மறைகாரணம்தான் இந்தத் துறையின் பெரிய தலையிடி. இதற்கு லண்டன் பஸ்கள் நல்ல உதாரணம், அது இதய நோய் பற்றியது என்றாலும். 1953 இல் ஜெரமி மொறிஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், இரண்டு தட்டு பஸ்ஸில் ஏறி இறங்குகிற நடத்துநர்களுக்கு, இருந்தபடி ஓட்டுகிற சாரதிகளை விட மாரடைப்பு குறைவு என்று காட்டினார்கள். பிறகு அவர்களே சீருடைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது! படி ஏறினதால் மெலிந்தார்களா, மெலிந்தவர்கள் படி ஏறுகிற வேலைக்குப் போனார்களா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. புற்றுநோய் ஆய்வுகளிலும் நடக்கிறவர் பெரும்பாலும் புகைக்காதவர், மரக்கறி சாப்பிடுகிறவர், நேரத்துக்கு கிளினிக் போகிறவர். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பின்னும் மேலே சொன்ன ஏழிலும் குறைவு மிஞ்சி நிற்கிறது. அதனால்தான் "குறைக்கிறது" என்று ஓரளவு துணிந்து சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: நடை சில புற்றுநோய்களின் ஆபத்தைக் குறைக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. குறைவு கூட்டத்தில் தெரியும், தனி ஆளில் தெரியாது.

வயலும் கோரையும்

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. பழைய கலம் தேய, புதியது பிரிந்து வருகிறது. பிரிகிறபோது கலத்தின் செய்முறைக் குறிப்பான டீஎன்ஏ முழுவதையும் பார்த்து எழுத வேண்டும். எவ்வளவு கவனமான எழுத்தரும் நீளமான கடிதத்தில் ஒரு எழுத்தை விட்டுவிடுவார். அப்படி விழுகிற எழுத்துப் பிழையை மரபுப்பிறழ்வு என்பார்கள். பெரும்பாலான பிழைகள் திருத்தப்படும், அல்லது அந்தக் கலம் தானே செத்துவிடும். சில பிழைகள் தங்கிவிடும். ஒரே கலத்தில் பல பிழைகள் சேர்ந்து, "பிரிவதை நிறுத்து" என்ற கட்டளையை அது கேட்காமல் விடுகிற நிலையே புற்றுநோயின் தொடக்கம். இதற்குப் பெரும்பாலும் ஆண்டுகள் எடுக்கும்.

தம்பலகாமத்து வயலை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல விதைநெல் போட்டாலும் மண்ணில் கோரை விதை கிடக்கத்தான் செய்யும். அது முளைத்துப் பரவுமா என்பது விதையை மட்டும் பொறுத்ததல்ல. யூரியாவை அள்ளிக் கொட்டினால் நெல் மட்டுமா வளரும்? கோரையும் சேர்ந்து வளரும். களை பிடுங்க ஆள் வராவிட்டால் இன்னும் வசதி. பிழைபட்ட கலம் கோரை விதை மாதிரி. இரத்தத்தில் ஓடுகிற வளர்ச்சிக் கட்டளைகள் உரம் மாதிரி. உடற்பயிற்சி விதையைத் தேடிப்போய் அழிப்பதில்லை. பெரும்பாலும் அது உரத்தைக் குறைக்கிறது.

இன்சுலின்: கதவும் உரமும்

நடை செய்கிற வேலைகளில் நன்றாக விளங்கிக்கொள்ளப்பட்டது இது. மத்தியானம் ஒரு கோப்பை சோறு சாப்பிடுகிறோம். சோறு குளுக்கோசாக உடைந்து இரத்தத்துக்கு வருகிறது. உடனே சதையி என்ற உறுப்பு இன்சுலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. ஓமோன் என்றால் இரத்தத்தில் போய் தூரத்து உறுப்புக்குக் கட்டளை சொல்கிற இரசாயனத் தூதுவன். இன்சுலின் தசைக்குப் போய்க் கதவைத் தட்டும், தசை திறந்து குளுக்கோசை எடுத்துக்கொள்ளும். உணவுக்குப் பிறகு வருகிற குளுக்கோசில் பெரிய பங்கு ஒன்றை வாங்கி வைப்பது தசை.

தசை நாள் முழுக்கச் சும்மா இருந்தால் அதன் களஞ்சியம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். கதவைத் தட்டினாலும் மெல்லத்தான் திறக்கும். இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். சதையி விடுமா? ஒரு தூதுவன் போதாவிட்டால் மூன்று பேரை அனுப்பும். இரத்தத்தில் சீனி கொஞ்சக் காலம் சரியாகவே இருக்கும், பரிசோதனை அறிக்கையும் நல்லாகவே வரும். ஆனால் இன்சுலின் அளவு நாள் முழுக்க உயர்ந்தே நிற்கும்.

அதில் என்ன கேடு? இன்சுலினுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. "சாப்பாடு தாராளமாக இருக்கிறது, வளர், பிரி" என்று கலங்களுக்கு அது சொல்கிறது. போதாததற்கு, இன்சுலினைப் போன்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியையும் இரத்தத்தில் கட்டுப்பாடின்றி உலவ விடுகிறது. பெருங்குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிற இடம், அதாவது பார்த்து எழுதும் வேலை ஓயாத இடம். அங்கே நாளும் பொழுதும் யூரியா கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நடக்கிறபோது சுவையான ஒன்று நடக்கிறது. சுருங்கி விரிகிற தசை, இன்சுலின் வந்து தட்டாமலே தன் பின்கதவைத் திறந்து குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. நடை முடிந்த பிறகும் முன்கதவு இலகுவாகத் திறக்கிற நிலை ஒருநாள், கூடினால் இரண்டு நாள் வரை நீடிக்கும். அதற்குப் பிறகு கதவு பழையபடி இறுகும். "ஒழுங்காகச் செய்ய வேண்டும்" என்று சொல்வதன் உண்மையான பொருள் இதுதான். சேர்ந்தாற்போல இரண்டு நாளுக்கு மேல் விடாமல் பார்த்துக்கொண்டால் இன்சுலின் குறைந்த நிலையிலேயே உடம்பு பெரும்பாலும் இருக்கும். சனி, ஞாயிறு மட்டும்தான் நேரம் கிடைக்கிறது என்றால் அந்த இரண்டு நாளிலாவது செய்யுங்கள், அதற்கும் பலன் உண்டு.

மற்ற வழிகள்

மாதவிடாய் நின்ற பிறகு சூலகங்கள் ஈஸ்திரஜன் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் உடம்பில் ஈஸ்திரஜன் நின்றுபோவதில்லை. கொழுப்பு இழையம் வேறொரு ஓமோனை எடுத்து ஈஸ்திரஜனாக மாற்றிக் கொடுக்கிறது. கொழுப்பு கூடக்கூட இந்தத் தொழிற்சாலையும் பெருக்கும். மார்பகத்திலும் கருப்பை உட்சுவரிலும் ஈஸ்திரஜன் வளர்ச்சிக் கட்டளை. 55 வயது அக்காவுக்கு நடை உதவுகிற வழிகளில் இது முக்கியமானது.

மூன்றாவது, அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி, அது நல்லது, வேலை முடிய அடங்கிவிடும். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு உண்டாக்குவது வேறு வகை: நெல் ஆலைக்குப் பின்னால் உமிக்குவியல் புகைகிற மாதிரி, சுவாலை தெரியாமல் ஆண்டுக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். கலங்கள் சேதப்பட்டு, திருத்தப்பட்டு, திரும்பத் திரும்பப் பிரியும். பிரிவு கூடினால் எழுத்துப் பிழையும் கூடும்.

இந்த வயிற்றுக் கொழுப்பு, தராசு முள் அசையாமலேயே குறையக்கூடும். மூன்று மாதம் நடந்தும் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிறையை விட இடுப்பளவைப் பாருங்கள். டெயிலர் நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலில், இறுக்காமல் சுற்றி, மூச்சை விட்ட பிறகு வாசியுங்கள். நம் ஆசியர்களுக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றர், பெண்களில் 80 சென்ரிமீற்றர் என்பதே எல்லை. சாரம் கட்டுகிற இடத்தில் அளந்தால் தொப்பை அதற்கு மேலே தப்பிவிடும்.

களை பிடுங்குகிற ஆட்கள் பற்றியும் ஒரு சொல். நோயை எதிர்க்கிற நிர்ப்பீடனத் தொகுதியில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று ஒரு வகை உண்டு, பிழைபட்ட கலங்களைத் தேடி அழிப்பது அவற்றின் வேலை. வேகமாக அசைகிறபோது சில நிமிடங்களிலேயே இவை பெருந்தொகையாக இரத்தத்துக்கு வருகின்றன. ஓடுகிற எலிகளில் கட்டிகள் சிறியதாக இருந்ததைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. எலி எலிதான். மனிதரில் இது அந்த அளவுக்கு நிறுவப்படவில்லை. உணவு குடலில் தங்குகிற நேரம் நடையால் குறைவதும் உதவலாம் என்பார்கள், அதற்கான சான்றும் கலவையானது.

சுருக்கினால்: உரம் குறைகிறது, கனல் அடங்குகிறது, களை பிடுங்குகிறவர்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம்.

நடை செய்யாதவை

வியர்வையோடு "நஞ்சு" வெளியேறிப் புற்றுநோய் தடுக்கப்படுகிறது என்பது கட்டுக்கதை. வியர்வை தண்ணீரும் உப்பும், உடம்பைக் குளிர்விக்க வருவது. நஞ்சை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். பொலித்தீன் மாதிரி ஜக்கெற் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் தண்ணீரைத்தான் இழக்கிறார். நன்றாக மூச்சு வாங்கினால் ஒட்சிசன் போய்ப் புற்றுக்கலத்தைக் கொல்லும் என்பதும் அதே இனம்.

இவற்றை விட ஆபத்தான கட்டுக்கதை, நடை மற்றதையெல்லாம் கழுவிவிடும் என்பது. இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். அதற்குக் காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும், வெறும் பாக்கையும்கூட மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதலாம் தொகுதியில் வைத்தது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் சீவல்தான்" என்பது தப்பிக்கிற வழி அல்ல. கடைவாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் நடக்கிறவருக்கு நடையின் பலன் பெருங்குடலுக்குப் போகும், பாக்கின் பலன் கன்னத்துக்குப் போகும். ஒன்றை ஒன்று தடுக்காது.

எவ்வளவு, எந்த வேகம்?

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவு: வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான அசைவு, அல்லது இரண்டும் கலந்து. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

'மிதமான' என்ற சொல்லில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். நண்பரோடு அரசியல் கதைத்தபடி காலாற நடப்பது மிதமான அசைவு அல்ல, அது உலாத்து. பரீட்சை இலகு: கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. ஒரு தேவாரமோ சினிமாப் பாட்டோ மூச்சு முட்டாமல் பாட முடிந்தால் வேகம் போதாது. ஒரு வசனத்தை முடிக்கவே மூச்சு வாங்கினால் அது கடுமையான அசைவு. இன்னொரு அளவு காலடி: 15 விநாடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100.

கிண்ணியாப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசாங்கமே ஒரு அளவுகோல் கட்டி வைத்திருக்கிறது. 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு 6 நிமிடம் எடுத்தால் உலாத்து. 5 நிமிடத்துக்குள் போனால் மிதமான அசைவு. 4 நிமிடத்தில் போனால் நல்ல வேகம். போய்வந்தால் கிட்டத்தட்ட 800 மீற்றர், நான்கு தடவை போய்வருவது ஏறத்தாழ 40 நிமிட நடை. பட்டணத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற ஏற்றம் மூச்சை நன்றாக ஏற்றும். இடையில் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு நிற்கிற நேரத்தைக் கழித்துவிட வேண்டும்.

தசை வேலைக்கு ஜிம் தேவையில்லை. கையைப் பிடிக்காமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது பத்துத் தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தடவை, 5 லீற்றர் தண்ணீர்க் கானை முழங்கை மடித்துத் தூக்குவது பத்துத் தடவை. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால் பாரம் சரி. இலகுவாக இருந்தால் கூட்டுங்கள்.

"நாள் முழுக்க வேலைதானே செய்யுறன்"

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. கரைவலை இழுக்கிற ஒருவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது பகிடி. வரப்புக் கட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர் எல்லாம் கணக்கை ஏற்கெனவே முடித்தவர்கள். எஞ்சின் படகில் போய் இருந்தபடி வருகிறவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார்.

வீட்டு வேலைதான் சிக்கலானது. கிணற்றில் தண்ணீர் அள்ளி, உரலில் மா இடித்து, கல்லில் உடுப்புத் தோய்த்த காலத்து வீட்டு வேலையே போதுமான பயிற்சி. இப்போது மோட்டர் தண்ணீர் ஏற்றுகிறது, மில்லில் மா வருகிறது, மெசின் உடுப்புத் தோய்க்கிறது. களைப்பு குறையவில்லை, ஏனென்றால் நிற்பதும் வெக்கையும் ஓயாத பொறுப்பும் களைப்பைத் தரும். ஆனால் மூச்சு ஏறவில்லை. களைப்பு வேறு, அசைவு வேறு. முற்றம் கூட்டுவது, நிலம் தேய்ப்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்று பாட்டுப் பரீட்சையில் தேறுகிற வேலைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். வீதியில் நடக்கச் சங்கடப்படுகிற பெண்கள் முற்றத்தையே சுற்றலாம். இருபது அடி நீளமான முற்றத்தில் வேகம் பிடிக்காது, அடிக்கடி திரும்ப வேண்டும். அப்படியானால் ஒரு படியில் ஏறி இறங்குவது நல்லது.

தொடங்குகிறபோது பிழைக்கிற இடங்கள்

முதலாவது, தொடக்கத்திலேயே ஒரு மணித்தியாலம். நான்காம் நாள் முழங்கால் பிடிக்கும், ஐந்தாம் நாள் சப்பாத்து மூலைக்குப் போகும். நெஞ்சும் மூச்சும் இரண்டு, மூன்று கிழமையில் பழகிவிடும், மூட்டும் தசைநாரும் மெல்லத்தான் பழகும். முதல் கிழமை 10 நிமிடம், ஐந்து நாள். ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் கிழமை 30 நிமிடம், அதாவது வாரத்துக்கு 150.

இரண்டாவது, நடை முடிந்து தேத்தண்ணிக் கடை. 65 கிலோ உள்ள ஒருவர் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எண்ணெயில் பொரித்த ஒரு றோல்ஸும் அதை விழுங்கிவிடும். இன்சுலின் கதவு அப்போதும் கொஞ்சம் இளகியிருக்கும், அதனால் நடை வீண் என்று சொல்லமாட்டோம். வயிற்றுக் கொழுப்பு மட்டும் அசையாது.

மூன்றாவது, மணல். மணலில் நடப்பது தார் வீதியை விடக் கூடிய வேலை, அது நல்லதுதான். ஆனால் சரிவான கடற்கரையில் ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், இடுப்பும் கணுக்காலும் நோகும். ஈர மணலில், போன வழியே திரும்பி வாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிப்பியோ போத்தல் ஓடோ வெட்டினால் வீட்டுக்கு வந்து இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். இன்சுலின் ஊசியோ, சீனியை இறக்கும் சில குளிசைகளோ பாவிக்கிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு இனிப்பு வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். காலை ஏழு மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பின். தலை சுற்றல், ஓங்காளம், வியர்வை திடீரென்று நிற்பது எல்லாம் நிறுத்தச் சொல்கிற அறிகுறிகள். நெஞ்சு இறுக்கம், இடது கை உளைவு வந்தால் நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி. ஐப்பசியில் மழை தொடங்கினால் பலருடைய நடை தை மாதம் வரை நின்றுவிடும். மழைக்காலத்துக்கு என்று படி ஏறுவது, கதிரையில் எழும்பி இருப்பது என்று வீட்டுக்குள் செய்கிற ஒரு முறையை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

வருத்தம் வந்த பிறகு

"கென்சர் வந்தவர் அசையக்கூடாது, அசைந்தால் பரவும்" என்பது இன்னும் பல வீடுகளில் சட்டம். நோயாளியைக் கட்டிலில் வைத்து ஊட்டுவதுதான் அன்பு என்று நினைக்கிறோம். அசைவால் புற்றுநோய் பரவுவதில்லை. படுத்தே இருந்தால் தசை கரைகிறது, களைப்பு கூடுகிறது, அடுத்த மருந்தைத் தாங்குகிற பலம் போகிறது.

2025 இல் வெளியான ஒரு ஆய்வு இதில் முக்கியமானது. மேலே சொன்னவற்றைப் போல யார் நடந்தார்கள் என்று கேட்டு எழுதியது அல்ல, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்து பார்த்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடித்த 889 பேர். ஒரு பகுதிக்குச் சுகாதாரக் கையேடு மட்டும். மறு பகுதிக்கு மூன்று வருடம் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சி. அவர்கள் கூட்ட வேண்டியிருந்த அளவு, வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் முதல் ஒரு மணித்தியால வேக நடைக்குச் சமம். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பக்கத்தில் நூற்றுக்கு 80, கையேட்டுப் பக்கத்தில் 74. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பக்கத்தில் நூற்றுக்கு 90, கையேட்டுப் பக்கத்தில் 83. பயிற்சி செய்தவர்களில் மூட்டு, தசை உபாதை கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பயிற்சி மருந்துக்குப் பதிலாக அல்ல, எல்லா மருந்தும் முடிந்த பிறகு கொடுக்கப்பட்டது என்பதை இரண்டு தடவை வாசியுங்கள்.

மார்பகச் சத்திரசிகிச்சை செய்த பெண்களிடம் "அந்தக் கையால் ஒரு கேத்தலும் தூக்காதேங்கோ" என்று சொல்வார்கள், கை வீங்கிவிடும் என்ற பயம். வைத்தியரின் அனுமதியோடு அரைக் கிலோவில் தொடங்கி மெல்ல மெல்லப் பாரம் கூட்டினால் வீக்கம் கூடுவதில்லை என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பழகாத கையால் திடீரென்று ஒரு வாளி தண்ணீரைத் தூக்குவதுதான் கெடுதல். எலும்புக்குப் பரவியவர்கள், இரத்தம் உறைய உதவுகிற குருதிச் சிறுதட்டுகள் குறைந்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், இரத்தம் மிகவும் குறைந்தவர்கள் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது.

நடக்கிறவர்களும் பரிசோதனையை விடக்கூடாது, அந்த 34 பேர் நினைவிருக்கட்டும். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டுக்கொள்ளலாம். வெற்றிலை போடுகிறவர், முன்பு போட்டு இப்போது நிறுத்தியவர் யாரானாலும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, டோர்ச் அடித்து, இரண்டு கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, உதட்டின் உட்பக்கம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புத் தாங்காத எரிவு, வாயைத் திறக்க மூன்று விரல் உள்ளே போகாத இறுக்கம் என்று எது தெரிந்தாலும் பல் வைத்தியரிடம் அந்தக் கிழமையே காட்ட வேண்டும்.